அறிக்கை விட்டால் படம் எடுக்க முடியுமா?

கேள்வி: 1962இல் 26 பேர் ஓர் அறிக்கை விட்டார்கள், செத்துக் கிடந்த ஜெர்மன் சினிமா எழுந்து உட்கார்ந்தது. அரசாங்கத்தை நம்பாமல் திறமையை மட்டும் நம்பினால் சினிமா பிழைக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?
— ஒரு வாசகர், தேனி

பதில்: கட்டாயம் வேண்டும். நீங்கள் கூட்டிவந்த சாட்சி எதிர்க்கட்சிக்காரருடையது!

மேற்கு ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் நகரத்துக் குறும்பட விழாவில் ‘பழைய சினிமா செத்துவிட்டது’ என்று அவர்கள் அறிவித்தது நிஜம்தான். கோபப்படக் காரணமும் இருந்தது. தியேட்டரில் மலை, மான், காட்டிலாகா அதிகாரியின் காதல் என்று ஒரே மாவை அரைத்துக்கொண்டிருந்தார்கள். 1961இல் மேற்கு ஜெர்மனி அரசே சிறந்த கதைப்படம் என்று எதற்கும் விருது தரவில்லை.

ஆனால் அறிக்கையை வாசித்துவிட்டு யாரும் வீட்டுக்குப் போய்விடவில்லை. அவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் குளூகே வக்கீல். எந்த அலுவலகத்தில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்தவர். விளைவு, 1965இல் இளம் இயக்குநர்களின் முதல் படத்துக்கு வட்டியில்லாக் கடன் தரும் அமைப்பு வந்தது. பணம் உள்துறை அமைச்சகத்துடையது. மறு ஆண்டே குளூகேயின் முதல் கதைப்படம் வெனிஸ் திரைப்பட விழாவில் பரிசு வாங்கியது.

பழைய முதலாளிகள் சும்மா இருப்பார்களா? 1967இல் அவர்களுக்குத் தோதாக ஒரு சட்டம் வந்தது. படம் 5 லட்சம் மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்) வசூலித்தால் அதன் தயாரிப்பாளருக்கு அடுத்த படத்துக்கு உதவித்தொகை தானாக வந்துவிடும். வசூல்தான் தகுதி என்றதும் என்ன பெருகியது தெரியுமா? பலான படங்கள். சந்தையை நம்பச் சொல்கிறவர்கள் இந்த அத்தியாயத்தை மட்டும் புரட்டுவதே இல்லை.

அப்புறம் கைகொடுத்தது டிவி. பேர் வாங்கிய ஜெர்மன் இயக்குநர்கள் பாஸ்பிண்டர், வெண்டர்ஸ், ஹெர்சாக் மூவருமே பொதுத் தொலைக்காட்சி நிலையங்களின் பணத்திலும் படம் எடுத்தவர்கள்தான். அதற்கும் விலை உண்டு. ஹெர்சாக் பெரு நாட்டுக் காட்டில் உயிரைக் கொடுத்து எடுத்த ‘அகிர்ரே’ 1972 டிசம்பரில் தியேட்டருக்கு வந்த அன்றே டிவியிலும் ஒளிபரப்பானது. தெப்பம் முழுக்கக் குட்டிக் குரங்குகள், நடுவே கண்டம் முழுவதையும் ஆளப்போவதாக உளறும் நடிகர் கிளாஸ் கின்ஸ்கி. அந்தக் கடைசிக் காட்சியை வீட்டில் ஓசியில் பார்க்க முடியும்போது எவன் டிக்கெட் வாங்குவான்? சொந்த ஊரில் இந்தப் படங்களுக்குக் கூட்டம் குறைவு. கைதட்டல் பாரிஸிலும் நியூயார்க்கிலும்தான்.

அரசுப் பணம் வாங்கினால் அரசுக்குத் தலையாட்ட வேண்டாமா என்று கேட்டிருந்தால், அது நல்ல கேள்வி. 1983இல் உள்துறை அமைச்சர் சிம்மர்மன், ஏசுவை இழிவுபடுத்துகிறது என்று சொல்லி இயக்குநர் ஹெர்பர்ட் ஆக்டர்ன்புஷ் படத்துக்கு வரவேண்டிய உதவித்தொகையின் கடைசித் தவணையை நிறுத்திவைத்தார். அமைச்சரை எதிர்த்து ஆக்டர்ன்புஷ் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது.