ஸ்பவுஸ் விசா மறுக்கப்பட்ட மேலூர்த் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. ஆவணியில் திருப்பரங்குன்றத்தில் திருமணம் முடிந்து மூன்று வாரத்தில், பிரிட்டனில் நிரந்தர வசிப்புரிமை பெற்ற உங்கள் கணவர் அங்குள்ள லெஸ்டர் நகருக்குத் திரும்பிவிட்டார். நீங்கள் மேலூரில் பெற்றோர் வீட்டில் இருந்தபடி விண்ணப்பித்த ஸ்பவுஸ் விசா, அதாவது கணவரோடு குடியேறுவதற்கான விசா, பத்து நாட்களுக்கு முன் மறுக்கப்பட்டது. கணவரின் வருமான ஆவணங்கள் போதவில்லை என்பது ஒரு காரணம். உங்கள் உறவு உண்மையானது என்ற நம்பிக்கை அதிகாரிக்கு ஏற்படவில்லை என்பது இன்னொன்று. மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் அலுவலகம் வைத்திருக்கும் ஓர் ஏஜெண்ட், மூன்று மாதத்தில் அப்பீலை முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்பீல் உண்மையில் எவ்வளவு காலம் எடுக்கும், அதுவரை விசிட் விசாவில் போய் வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்று மாதத்தில் முடியாது. மேல்முறையீட்டைப் பதிவுசெய்த நாளிலிருந்து தீர்ப்பு கைக்கு வர ஏறத்தாழ ஓராண்டு ஆகும் என்று வைத்துக்கொண்டுதான் நீங்கள் திட்டமிட வேண்டும். சிலருக்கு முன்னதாக முடிந்திருக்கிறது, சிலருக்கு அதையும் தாண்டி இழுத்திருக்கிறது. நான் செல்லூரில் பிறந்தவன், பிரிட்டனுக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. வழக்கறிஞன் அல்லன், என் மைத்துனருடைய மனைவியின் வழக்கு உட்பட, நம் பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றுக்குக் கோப்பு அடுக்கிக் கொடுத்து, விசாரணை அறையில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற அளவில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கெடுவைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனுக்கு வெளியே இருப்பவர், மறுப்பு முடிவு தம் கைக்குக் கிடைத்ததிலிருந்து 28 நாட்களுக்குள் மேல்முறையீட்டைப் பதிவுசெய்தாக வேண்டும். உங்களுக்குப் பத்து நாட்கள் போய்விட்டன. தாமதமானால் காரணம் காட்டி அவகாசம் கேட்கலாம் என்றாலும், அதை ஏற்பதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்பம். ஏஜெண்ட் தாமதப்படுத்தினார் என்ற காரணத்தை எல்லோரும் சொல்வதால் அதற்கு அங்கே பெரிய மதிப்பில்லை.

அடுத்து, உங்கள் மறுப்புக்கு மேல்முறையீட்டு உரிமை உண்டா என்பதைக் கடிதத்தின் கடைசிப் பகுதியில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். இதில்தான் நம்மவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். 2014ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு, மனித உரிமைக் கோரிக்கை, புகலிடப் பாதுகாப்புக் கோரிக்கை போன்ற சிலவற்றின் மறுப்புக்கு மட்டுமே, குடியேற்ற வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயத்துக்குப் போக முடியும். நிரந்தர வசிப்புரிமை உள்ளவரின் மனைவி என்ற முறையில் நீங்கள் போட்ட விண்ணப்பம், ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8ஆம் பிரிவு பேசும் குடும்ப வாழ்வுக்கான கோரிக்கையாகக் கருதப்படுவதால் உங்களுக்கு அந்த உரிமை உண்டு. அதே மேலூரிலிருந்து ஸ்கில்டு ஒர்க்கர் என்ற வேலை விசாவில் வந்தவரின் மனைவிக்கு, அவரைச் சார்ந்தவர் என்ற முறையில் கேட்கும் டிபெண்டண்ட் விசா மறுக்கப்பட்டால், 80 பவுண்டு கட்டி நிர்வாக மறுபரிசீலனை கேட்பது மட்டுமே வழி. அதில் அதிகாரி செய்த பிழையைத்தான் சுட்டிக்காட்ட முடியும், விட்டுப்போன ஆவணத்தைப் புதிதாக நுழைக்க முடியாது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்ததை வைத்து உங்கள் வழக்கைக் கணிக்காதீர்கள்.

இனி, அந்த ஓராண்டு எங்கே போகிறது என்று பார்ப்போம். மேல்முறையீட்டை இணையவழியிலேயே பதிவுசெய்யலாம். விசாரணை இல்லாமல் காகிதங்களை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல 80 பவுண்டு, நேரில் விசாரணை வேண்டுமென்றால் 140 பவுண்டு. உங்களுடையதுபோல் உறவின் உண்மை சந்தேகிக்கப்பட்ட வழக்கில் 60 பவுண்டை மிச்சம் பிடிப்பது பெரிய தவறு. உங்கள் கணவரின் முகத்தைப் பார்த்து, அவர் பதில் சொல்லும் விதத்தைக் கேட்டு நம்ப வேண்டிய நீதிபதிக்கு வெறும் காகிதத்தைக் கொடுத்து என்ன பயன்? பதிவான பிறகு, விசாவை மறுத்த உள்துறையான ஹோம் ஆபீஸ் தன் கோப்பைத் தாக்கல் செய்யும். உங்கள் தரப்பு தன் வாதச் சுருக்கத்தையும் ஆவணத் தொகுப்பையும் தரும். அதைப் படித்துவிட்டு ஹோம் ஆபீஸ் தன் முடிவை மறுபடி பரிசீலித்து, நிலைநிறுத்தவோ திரும்பப் பெறவோ செய்யும்.

இந்தப் பரிசீலனைக் கட்டத்தை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது. நல்ல தொகுப்பாக இருந்தால் விசாரணை வரைக்கும் போகாமலேயே மறுப்பைத் திரும்பப் பெற்றுவிடுவதுண்டு. எனவே விசாரணைக்கு முந்தைய வாரம் வரை ஆவணங்களைப் பொத்தி வைத்திருந்து கடைசியில் வெளியே எடுப்பது கெட்டிக்காரத்தனம் அன்று. இந்தப் படிகள் ஒவ்வொன்றுக்கும் வாரக் கணக்கில்தான் கெடு உண்டு. மாதங்களை விழுங்குவது விசாரணைத் தேதிக்கான வரிசைதான். லண்டன் டெய்லர் ஹவுஸ், ஹாட்டன் கிராஸ், பர்மிங்காம், மான்செஸ்டர் போன்ற அதே மையங்களில்தான் புகலிட வழக்குகளும் நடக்கின்றன. அவற்றின் தேக்கம் குடும்ப வழக்குகளையும் பின்னுக்குத் தள்ளுகிறது. கடுமையான நோய் போன்ற அவசரக் காரணம் இருந்தால் மருத்துவச் சான்றுடன் தேதியை முன்னால் கேட்கலாம். கணவரின் தொகுதி எம்.பி. ஹோம் ஆபீஸிடம் விசாரித்துக் கடிதம் எழுத முடியும். தீர்ப்பாயத்திடம் அவர் சொல் எடுபடாது, எடுபடவும் கூடாது.

உங்கள் கடிதத்தின் முதல் காரணத்துக்கு வருகிறேன். 2024 ஏப்ரல் 11 முதல் ஸ்பவுஸ் விசாவுக்கான ஆண்டு வருமான வரம்பு 29,000 பவுண்டு; அதற்கு முன் 18,600 ஆக இருந்தது. உங்கள் கணவரின் சம்பளம் 31,000 என்று எழுதியிருக்கிறீர்கள், தொகையில் குறையில்லை. விண்ணப்பித்தபோது அவர் புது வேலையில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது என்பதில்தான் சிக்கல். ஒரே நிறுவனத்தில் ஆறு மாதம் முடித்தவர் ஆறு மாதச் சம்பளச் சீட்டும், அந்தச் சம்பளம் வரவான வங்கிக் கணக்கறிக்கையும், நிறுவனத்தின் கடிதமும் கொடுத்தால் போதும். ஆறு மாதம் முடியாதவரோ, இப்போதைய சம்பளம் வரம்பைத் தொடுகிறது என்பதோடு, முந்தைய 12 மாதங்களில் கைக்கு வந்த மொத்தச் சம்பளமும் வரம்பைத் தொடுகிறது என்றும் காட்ட வேண்டும். உங்கள் ஏஜெண்ட் புது நிறுவனத்தின் நான்கு சீட்டுகளை மட்டும் இணைத்து அனுப்பியிருக்கிறார்.

பழைய நிறுவனத்தின் சீட்டுகளை எடுத்து அந்த 12 மாதத்தையும் கூட்டிப் பாருங்கள். தொகை 29,000-ஐத் தாண்டினால், விண்ணப்பித்த நாளிலேயே உங்களுக்குத் தகுதி இருந்தது, காகிதம்தான் இல்லை என்று ஆகும். மறுப்புக்குப் பிந்தைய சான்றுகளையும் தீர்ப்பாயம் பார்க்கலாம் என்பதால் மேல்முறையீட்டில் அது வலுவான நிலை. தாண்டவில்லை என்றால், விதியை நிறைவேற்றாத விண்ணப்பத்துக்காக மறுப்பின் விளைவு உங்களுக்கு விதிவிலக்கான அளவுக்குக் கடுமையானது என்று நீதிபதியிடம் நிரூபிக்க வேண்டிவரும். இளம் தம்பதியர், குழந்தை இல்லை, பெண் பெற்றோரோடு பாதுகாப்பாக இருக்கிறார் என்னும்போது அது கடினம். ‘புதிதாக விண்ணப்பித்திருக்கலாமே’ என்ற கேள்வி அங்கே கட்டாயம் வரும்.

என்னைக் கேட்டால், இரண்டு நிலையிலும் புது விண்ணப்பமே உங்களுக்கு விரைவான வழி. உங்கள் கணவர் இப்போது ஆறு மாதத்தைத் தாண்டியிருப்பார், வருமானக் குறை தானாகவே தீர்ந்துவிட்டது. செலவு கூடுதல்தான்: 2025 ஏப்ரலில் விண்ணப்பக் கட்டணம் 1,938 பவுண்டாக இருந்தது, அதோடு அங்குள்ள அரசு மருத்துவச் சேவைக்காக ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் சுகாதாரக் கூடுதல் கட்டணம் 3,105 பவுண்டு. பிந்தைய தொகை மறுப்புக்குப் பின் திரும்பி வரும், ஆனால் அப்பீல் போட்டிருந்தால் அது வரவும் தாமதமாகலாம். புது விண்ணப்பமே நல்லது என்பதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. நீங்கள் பொய் ஆவணமோ தவறான தகவலோ கொடுத்தீர்கள் என்ற பொருளில் ஒரு வரி அந்தக் கடிதத்தில் இருந்தால், புது விண்ணப்பம் போட்டுப் பயனில்லை. ஏமாற்று என்ற முடிவு பத்தாண்டுத் தடைக்கு வழிவகுக்கலாம், அதைத் தீர்ப்பாயத்தில் உடைத்தே ஆக வேண்டும். ‘நம்பிக்கை ஏற்படவில்லை’ என்பதும் ‘ஏமாற்றினார்’ என்பதும் வேறு வேறு. கடிதத்தின் ஒவ்வொரு பத்தியையும் கணவரோடு சேர்ந்து நிதானமாகப் படியுங்கள்.

இரண்டாவது காரணம் எந்த வழியில் போனாலும் உங்களைப் பின்தொடரும். அடுத்த அதிகாரி பழைய மறுப்பைப் படித்துவிட்டுத்தான் உங்கள் கோப்பைத் திறப்பார். நம் ஊர்க் கல்யாணம் எப்படி நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. ஜாதகம் யார் கொண்டுவந்தார், பெண் பார்க்க யார் வந்தார்கள், நிச்சயதாம்பூலம் எங்கே நடந்தது, எத்தனை முறை பேசிய பின் சம்மதம் சொன்னீர்கள் என்பதைத் தேதி வரிசையில் நீங்கள் இருவரும் தனித்தனியே எழுதிக் கையெழுத்திட்ட அறிக்கை வேண்டும். என் மைத்துனர் வழக்கின் மறுப்புக் கடிதத்தில், தாலி கட்டும் படங்களில் மணமகனின் தாய் ஏன் இல்லை என்று கேட்டிருந்தார்கள். அவர் கணவரை இழந்தவர், வழக்கப்படி மணமேடைக்கு வராமல் மண்டபத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்த வழக்கத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அதை மூன்று வரியில் யாராவது முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால், விசாரணை அறையில் ஒரு மகன் அதை மொழிபெயர்ப்பாளர் மூலம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருந்திராது. (தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் தீர்ப்பாயமே கட்டணமின்றி ஏற்பாடு செய்யும்.)

கோவில் ரசீது, சார்பதிவாளர் அலுவலகப் பதிவுச் சான்றிதழ், பத்திரிகை எல்லாம் நீங்களே நினைத்திருப்பீர்கள். மொய் நோட்டை நினைத்திருக்க மாட்டீர்கள். ஊரும் உறவும் பெயரோடு வரிசையாக எழுதப்பட்ட அந்த நோட்டைவிட, ஊரறிய நடந்த திருமணம் என்பதற்கு நேர்மையான சாட்சி வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. நான்கைந்து பக்கங்களை மட்டும் நகலெடுத்து, மொழிபெயர்த்தவரின் பெயர், தேதி, உறுதிமொழி, கையெழுத்தோடு இணையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை ஆயிரம் பக்கம் அச்சடிக்காமல், மாதத்துக்குச் சில பக்கங்களும் அழைப்புப் பதிவுகளும் வைத்தால் படிப்பார்கள். கணவர் கொழும்பு வழியாக மதுரை விமான நிலையத்தில் வந்து இறங்கிய பாஸ்போர்ட் முத்திரையும் பயணச்சீட்டும் அவசியம். முடிந்தால் இந்தச் சித்திரைத் திருவிழாவுக்கு அவரை ஒருமுறை வரச் சொல்லுங்கள். திருமணத்துக்குப் பிந்தைய சந்திப்பு இல்லாத கோப்பு பலவீனமானது.

அப்பீல்தான் என்று முடிவுசெய்தால், அங்கே சாட்சி சொல்லப்போகிறவர் உங்கள் கணவர். நீங்கள் இந்தியாவிலிருந்து வீடியோவில் வாய்மொழிச் சாட்சி சொல்ல, அந்நிய நாட்டு மண்ணிலிருந்து சாட்சி பெறுவதற்கான அனுமதிச் சிக்கல் இருக்கிறது. பெரும்பாலும் எழுத்து அறிக்கையோடு நிறுத்திவிடுவார்கள். தீர்ப்பு அன்றே வராது, சில வாரம் கழித்து எழுத்தில் வரும். தோற்றால் மேல்நிலைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், ஆனால் நீதிபதி சட்டப் பிழை செய்தார் என்று காட்டினால்தான் அனுமதி கிடைக்கும். தீர்ப்பு பிடிக்கவில்லை என்பது காரணமாகாது.

இடையில் விசிட் விசா வேண்டாம். கணவரோடு குடியேற விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர், சில வாரத்தில் திரும்பிவிடுவேன் என்று சொன்னால் எந்த அதிகாரியும் நம்பத் தயங்குவார். குடும்ப வருகையாளர் விசா மறுப்புக்கான முழு மேல்முறையீட்டு உரிமை 2013 ஜூன் 25 முதலே நீக்கப்பட்டுவிட்டது. மறுப்புகள் இரண்டானால், பிறகு எந்த விண்ணப்பத்திலும் இரண்டையும் குறிப்பிட வேண்டும்; மறைத்தால் அதுவே ஏமாற்று என்று ஆகிவிடும்.

ஏஜெண்டைப் பற்றி ஒரு சொல். பிரிட்டனில் குடியேற்ற ஆலோசனை தருபவர் ஒன்று வழக்கறிஞராக இருக்க வேண்டும், அல்லது குடியேற்ற ஆலோசனை ஆணையத்தில் பதிவுபெற்றவராக இருக்க வேண்டும். பதிவில்லாமல் அங்கே ஆலோசனை தருவது குற்றம். மாட்டுத்தாவணியில் இருப்பவரை அந்தச் சட்டம் தொடாது. உள்ளே ஆள் இருக்கிறது என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பதிவுபெற்ற ஒருவரிடம் உங்கள் கணவர் ஒரு மணி நேரம் கட்டணம் கொடுத்து மறுப்புக் கடிதத்தைக் காட்டட்டும், அதை இந்த 28 நாளுக்குள்ளேயே செய்யட்டும்.

எந்த வழியானாலும் காலாவதித் தேதிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் எடுத்த காசநோய்ச் சான்று ஆறு மாதம்தான் செல்லும். அப்பீலில் வென்றாலும் அதை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும், திரும்பி வந்த சுகாதாரக் கட்டணத்தை மறுபடி கட்டச் சொல்வார்கள். பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்க்கவோ, இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராக மாற்றவோ ரேஸ்கோர்ஸ் பக்கம் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு இப்போது போகாதீர்கள். திருமணச் சான்றிதழ், ஆங்கிலத் தேர்வுச் சான்று, விண்ணப்பம் மூன்றிலும் ஒரே பெயர் இருக்கும்போது அதைக் கலைக்க வேண்டாம், விசா வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.