சுண்டெலியின் விந்தக அழற்சியில் எந்தச் செல்களுக்குப் பங்கு?

சுண்டெலியின் விந்தகத்தில் தன்னெதிர்ப்பு அழற்சியை (உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே தன் திசுவைத் தாக்குவதால் வரும் வீக்கத்தை) எந்தச் செல்கள் உண்டாக்குகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். முதன்மையானவை சிடி4 வகை டி செல்கள்தாம்; இவை நோயெதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளணுக்கள். நோயுற்ற எலியிலிருந்து அவற்றைப் பிரித்து நலமான எலிக்குச் செலுத்தினாலே அழற்சி தோன்றிவிடுகிறது என்பது இதற்கு மிக வலுவான சான்று. எவை தன்னுடையவை என்று நோயெதிர்ப்பு அமைப்பு கற்றுக்கொண்ட பிறகு, பூப்புப் பருவத்திலிருந்துதான் விந்தணுக்கள் உருவாகின்றன என்பதால் அவற்றின் புரதங்களை உடல் அயலாகக் கருதக்கூடும். விந்து நுண்குழல்களுக்குள் விந்தணுக்களைப் பேணும் செர்டோலி செல்கள் நெருக்கமாக இணைந்து எழுப்பும் தடுப்பே அவற்றைக் காக்கிறது. ஆயினும் விந்து நுண்குழல்கள் முடியும் நேர்குழல் பகுதியில் அந்தத் தடுப்பு மெலிந்திருப்பதால், நுண்ணோக்கியில் பார்க்கையில் லிம்போசைட்டுகள் (டி செல்கள் உள்ளிட்ட வெள்ளணு வகை) முதலில் அங்கேதான் மொய்த்திருக்கும். பின்னர் மேக்ரோபேஜ்களும் (அயற்பொருள்களை விழுங்கும் செல்கள்) டென்ட்ரிடிக் செல்களும் (அயற்புரதங்களை டி செல்களுக்குக் காட்டும் செல்கள்) பெருக, மேக்ரோபேஜ்கள் சுரக்கும் டிஎன்எஃப்-ஆல்ஃபா என்னும் அழற்சிப் புரதம் விந்தாக்கச் செல்களின் சாவைத் தூண்டுகிறது. தன்னெதிர்ப்பை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களையும் மறந்துவிடக் கூடாது: அவை உருவாகும் உறுப்பான தைமஸ் பிறந்த 3ஆம் நாளில் அகற்றப்பட்ட சில எலி வகைகளில், நோயைத் தூண்டும் எந்த ஊசியும் போடாமலேயே இந்த அழற்சி வந்துவிடுகிறது.