பரண்மேல் இரண்டு சூட்கேஸ்

கேள்வி: எனக்கு 41 வயது. பொம்மைக்கான உடுப்பு, குட்டி ஷூ, கைப்பை, நகம் அளவு டீ கப், நாற்காலி என்று 12 வருடமாகச் சேர்த்து வருகிறேன். உடுப்பு மட்டும் 200 செட்டுக்கு மேல் இருக்கும். போன வருடம் ஒரு பார்சல் வந்தபோது நாத்தனார் பார்த்துவிட்டு, "இன்னுமா பொம்மைக்குச் சட்டை மாட்டி விளையாடுற?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். அன்றைக்கே எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் கட்டி, இரண்டு சூட்கேஸில் அடைத்து, பரண்மேல் ஏற்றிவிட்டேன். வாங்குவது மட்டும் நிற்கவில்லை, பிரிக்காத பார்சலே 11 இருக்கிறது. இந்த வயதில் இது ஏதாவது கோளாறா? பேசாமல் அண்ணன் மகளுக்கு (7 வயது) மொத்தத்தையும் கொடுத்துவிடட்டுமா?
பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

பதில்: கோளாறு இல்லை. அண்ணன் மகளுக்குக் கொடுக்கவும் வேண்டாம். கேட்ட இரண்டுக்கும் பதில் அவ்வளவுதான். ஆனால் கேட்காமல், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, கவரில் கட்டிப் பரண்மேல் ஏற்றினேன் என்று, அதைப் படித்தபோதுதான் எனக்குப் பகீரென்றது. நாத்தனார் சிரித்து முடித்து வீட்டுக்குப் போய்விட்டார். பரண் ஒரு வருடமாக விடாமல் வேலை பார்க்கிறது.

அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் இந்த வயதுக் கணக்கை முடித்துவிடலாம். குட்டிச் சாமான் என்றாலே குழந்தைகளுடையது, பெரியவர்கள் நடுவில் புகுந்து பிடுங்கிக்கொண்டார்கள் என்று ஒரு நினைப்பு நமக்கு. ஆம்ஸ்டர்டாமில் பெட்ரொனெல்லா ஓர்ட்மன் என்று ஒரு வசதியான பெண்மணி, 1686-லிருந்து 1710 வரை ஒரே ஒரு பொம்மை வீட்டை நிரப்பிக்கொண்டிருந்தார். குட்டிப் பீங்கான் சாமானை சீனாவில் சொல்லிச் செய்து வரவழைத்தார், மரச்சாமானுக்குத் தனியாக ஆசாரிகளை வைத்தார், கடைசியில் கூட்டிப் பார்த்தால் அந்த ஊர்க் கால்வாய்க் கரையில் நிஜமான வீடே ஒன்று வாங்கியிருக்கலாம், அவ்வளவு செலவு. இன்று அது அதே ஊரின் ரைக்ஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஜனங்கள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். பிரிட்டனின் ராணி மேரிக்காகக் கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் 1924-ல் முடித்துக்கொடுத்த பொம்மை வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், லிஃப்ட் ஓடும். ராணிக்கு அப்போது ஐம்பதைத் தாண்டி வயது.

இவர்களைவிட எனக்குப் பிடித்தவர் பிரான்சிஸ் கிளெஸ்னர் லீ. அமெரிக்காவில் 1940-களில், அறுபதைத் தொட்ட வயதில், மர்மச் சாவு நடந்த அறைகளை 1:12 அளவில், அதாவது நிஜத்தில் பன்னிரண்டில் ஒரு பங்காக, அப்படியே செய்தார். போலீஸ்காரர்கள் அதைப் பார்த்துத் துப்புத் துலக்கப் பழக வேண்டும், அதற்காக. அதில் விழுந்து கிடக்கும் பொம்மையின் காலுறையைக் குண்டூசியையே பின்னல் ஊசியாக வைத்துக் கையால் பின்னியிருக்கிறார். யார் கண்ணுக்கு அது தெரியப்போகிறது? துப்பறிகிறவன் கண்ணுக்குத் தெரியும், அதனால் தப்பாக இருக்கக் கூடாது என்பது அந்த அம்மாளின் பிடிவாதம்.

சரி, இதையெல்லாம் நாத்தனாரிடம் போய் ஒப்பிக்காதீர்கள், எடுபடாது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். 1964-ல் ஜி.ஐ. ஜோ என்று 12 அங்குல சிப்பாய் பொம்மை வந்தான். அவனுக்கும் சீருடை தனியாக, பூட்ஸ் தனியாக, துப்பாக்கி தனியாகத்தான் விற்றார்கள். பையன்களின் அப்பாக்கள் முகம் சுளிப்பார்கள் என்று 'பொம்மை' என்ற சொல்லே வாயில் வரக் கூடாது என்று தடுத்து, 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று புதிதாக ஒரு பெயர் வைத்தது அவனை விற்ற நிறுவனம். இன்றைக்கும் கண்ணாடி அலமாரியில் அந்தச் சிப்பாய்களுக்குக் காலர் சரிசெய்து நிறுத்துகிற ஐம்பது வயது ஆண்கள் உண்டு. அவர்களைப் பார்த்து யாரும் சட்டை மாட்டி விளையாடுறியா என்று கேட்பதில்லை. என் மேஜையிலேயே 40 பேனாவுக்கு மேல் கிடக்கிறது, எழுதுவதெல்லாம் கணினியில்தான், எனக்கு 'ரசனைக்காரர்' என்று பெயர். நடக்கிறது.

இப்போது உங்களிடம் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டும். நீங்கள் சேர்ப்பது எப்பேர்ப்பட்ட பொருள் என்று உங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன், தெரியாமல் 12 வருடம் ஓடாது. 1:6 அளவில் ஒரு கோட் தைக்கிறவருக்கு என்ன கஷ்டம் என்றால், ஆளை ஆறில் ஒரு பங்காகச் சுருக்கலாம், நூலைச் சுருக்க முடியாது. நம் சட்டைத் துணியிலேயே தைத்தால் அந்தக் கோட் பொம்மைமேல் விழாது, கூடாரம் மாதிரி விறைத்து நிற்கும். அதனால் மெல்லிசுத் துணி தேட வேண்டும், அதில் பூப்போட்டிருந்தால் பூ கடுகளவுக்கு இருக்க வேண்டும், உள்ளே லைனிங் கொடுத்தால் தோள்பட்டையில் நாலு மடிப்பு சேர்ந்து முடிச்சு மாதிரி புடைக்காமல் தையலை ஒட்ட வெட்ட வேண்டும். 1959 மார்ச்சில் பார்பி வந்தபோது, உடுப்புகளை வடிவமைத்த சார்லட் ஜான்சன் அவற்றை ஜப்பானில் தைக்க ஏற்பாடு செய்தார். அந்த முதல் வருடங்களின் உடுப்பில் லைனிங் உண்டு, நிஜமாகவே இழுத்து மூடுகிற ஜிப் உண்டு. விரல் நுனியால் அந்த ஜிப்பை ஒரு தடவை இறக்கிப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

அதே 1959-ல் இன்னொரு கணக்கும் இருந்தது. பொம்மை 3 டாலர், கல்யாண உடுப்பு செட் 5 டாலர். ஆளைவிடச் சட்டைக்கு விலை அதிகம்! பொம்மையை ஒரு தடவைதான் வாங்குவாய், சட்டைக்குத் திரும்பத் திரும்ப வருவாய் என்பது அன்றிலிருந்தே வியாபாரத்தின் அடிப்படை. அதில் நீங்கள் நன்றாகவே மாட்டியிருக்கிறீர்கள் என்று அந்த 11 பார்சல் சொல்கிறது. பிரிக்காமல் வைத்திருப்பதற்குப் பெயர் சேகரிப்பு கிடையாது, ரசீது. ஒளித்து வைக்க ஆரம்பித்த பிறகு பார்க்கிற சந்தோஷம் போய்விட்டது, வாங்குகிற அந்த ஒரு நிமிஷ சந்தோஷம்தான் மிச்சம், அதனால்தான் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று போகிறது. அந்த 11-ஐயும் பிரித்து, துணியை உதறி, எது எந்த செட் என்று ஒரு நோட்டில் எழுதும்வரை பன்னிரண்டாவதை வாங்காதீர்கள். கடன் வாங்கி வாங்குகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படி என்றால் நான் மேலே எழுதியதில் பாதியை அழித்துவிட்டு வேறு பதில் எழுத வேண்டியிருக்கும்.

இனி பரண். குட்டி ஷூ, பெல்ட், கைப்பை இதெல்லாம் பெரும்பாலும் பிவிசி. பிவிசி இயல்பில் விறைப்பானது, அதை வளைய வைக்க ஒரு எண்ணெய் மாதிரிப் பொருளைக் கலக்கிறார்கள், பிளாஸ்டிசைசர் என்று பெயர். அது காலப்போக்கில் வெளியே கசிகிறது, சூட்டில் இன்னும் சீக்கிரம் கசிகிறது. பழைய ஷூவைத் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறதே, அதுதான். கசிந்த எண்ணெய் பக்கத்தில் இருக்கிற கெட்டி பிளாஸ்டிக்கை, அதாவது உங்கள் குட்டி நாற்காலி, மேஜையை, இளக்கிவிடும். ஒரு ஜோடி ஷூவும் ஒரு நாற்காலியும் ஒரே கவரில் ஒரு கோடைக்காலம் கிடந்தால், நாற்காலியில் ஷூவின் அச்சு பள்ளமாக விழுந்திருக்கும், ஷூ அதோடு ஒட்டியே போயிருக்கலாம். கறுப்பு, சிவப்பு, ஜீன்ஸ் நீலம் போட்ட பொம்மைகளுக்குச் சாயம் உடம்பில் இறங்கும். உலோகக் கம்மல் போட்ட பழைய பொம்மைகளுக்குக் காதைச் சுற்றிப் பச்சை பிடிக்கும், சேகரிப்பவர்கள் 'பச்சைக் காது' என்றே சொல்வார்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தால் அது உருகித் துணியில் கோடு இழுத்திருக்கும். வெல்க்ரோ வைத்த சட்டையும் பின்னல் சட்டையும் சேர்ந்து கிடந்தால் பின்னல் பிரிந்திருக்கும்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை ஏணி போடுங்கள். உடுப்பைப் பொம்மையிலிருந்து கழற்றுங்கள். துணியைச் சாயம் போடாத வெள்ளைப் பருத்தியிலோ அமிலம் இல்லாத டிஷ்யூ காகிதத்திலோ சுற்றி வையுங்கள். ஷூக்களைப் பிளாஸ்டிக் எதையும் தொடாதபடி ஜோடி ஜோடியாக அதே காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றுங்கள், அது எரிச்சல் பிடித்த வேலைதான், பாட்டுப் போட்டுக்கொண்டு செய்யுங்கள். அப்புறம் வெயில் படாத, நீங்கள் தினமும் நடமாடுகிற அறையில் ஒரு அலமாரி. நடமாடுகிற அறை என்பதற்குக் காரணம் உண்டு: மனிதர் இருக்க முடியாத சூடும் புழுக்கமும் இந்தப் பொருள்களுக்கும் ஆகாது, அதோடு கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் கெட ஆரம்பிக்கும்போதே தெரிந்துவிடும்.

அண்ணன் மகள் விஷயம். ஏழு வயதுக் குழந்தை பொம்மை உடுப்பை எப்படி நடத்த வேண்டுமோ அப்படி நடத்துவாள், அதாவது ஒரு வாரத்தில் பாதி ஷூ காணாமல் போகும், கோட் குளியலறை வாளியில் ஊறும். அவள் செய்வது சரிதான். ஆனால் வெட்கப்பட்டுத் தானம் செய்துவிட்டு, அடுத்த முறை அங்கே போகும்போது ஒற்றை ஷூவைப் பார்த்து உங்கள் முகம் மாறும், குழந்தைக்கு ஏன் என்றே புரியாது. தவிர, பழைய பிசுபிசுப்புப் பிளாஸ்டிக் குழந்தைக் கைக்கு உகந்ததல்ல. அந்தப் பிளாஸ்டிசைசர்களில் மூன்றைக் குழந்தைகளின் விளையாட்டுச் சாமானில் 0.1 சதவீதத்துக்குமேல் இருக்கக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் வந்ததே 2008-ல்தான், அதற்கு முந்தைய சாமானில் என்ன இருக்கும் என்று யார் சோதிப்பது? அவளுக்குப் புதிதாக ஒரு பொம்மையும் முரட்டுத் துணியில் நாலு உடுப்பும் வாங்கிக் கொடுங்கள். வேண்டுமானால் நீங்களே தைத்துக் கொடுங்கள்.

நாத்தனார் மறுபடி வந்தால் அலமாரியை மூடாதீர்கள். ஜிப் வைத்த கோட் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

சூட்கேஸைத் திறக்கும்போது எதிலாவது ஷூ ஒட்டியிருந்தால் வெடுக்கென்று பிய்க்காதீர்கள், பிய்த்தால் இரண்டும் போகும். பொம்மையின் உடம்பில் சாயம் இறங்கியிருந்தால், முகப்பருவுக்குப் போடுகிற பென்சாயில் பெராக்சைடு களிம்பைத் தடவி வெயிலில் வைத்து எடுக்கிறவர்கள் உண்டு. கறையோடு பொம்மையின் நிறமும் வெளுத்துவிடக்கூடும், அதனால் எடுத்த எடுப்பில் முகத்தில் தடவாமல், முதுகில், சட்டை மறைக்கிற இடத்தில் பொட்டு அளவு வைத்துப் பாருங்கள்.