ஆச்சியைக் கேளுங்கள்: ஒரு பேனா, ஒரு பென்சில், நாற்பத்தெட்டுச் சதுரம்

ஆச்சி, ராத்திரி வேலையெல்லாம் முடித்துப் படுத்தாலும் மனசு ஓடிக்கொண்டே இருக்கிறது. சின்னச் சின்னக் கட்டத்துக்குள் கோடும் வளைவும் வரைந்தால் அடங்கும் என்று தோழி சொல்கிறாள். ஜென்டாங்கிள் என்று பெயராம். பேனா, அட்டை எல்லாம் அடங்கிய பெட்டி இரண்டாயிரத்துச் சொச்சம் ஆகிறது. வாங்கலாமா? எனக்கு ஓவியம் சுத்தமாக வராது.
– வாசகி, தேவகோட்டை

வாங்காதே ஆத்தா. அந்த மாதிரிப் பெட்டி ஒன்று என் பீரோவில் நாலு வருஷமாகத் தூங்குகிறது. முப்பத்தாறு நிறம், தகர டப்பா, பார்க்க அழகு. திறந்தால் எந்த நிறத்தை எடுப்பது என்பதிலேயே அரை மணி நேரம் போய்விடும், மூடி வைத்துவிடுவேன். பேத்திக்கு ஆகும் என்று நினைத்தேன், அவளும் தொடவில்லை.

இந்த முறையைக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ரிக் ராபர்ட்ஸ், மரியா தாமஸ். மரியா அழகெழுத்துக் கலைஞர். எழுத்துக்குப் பின்னால் சின்னச் சின்ன வடிவங்களை நிரப்பும்போது தன்னை மறந்துவிடுவதை அவர் சொல்லப்போய்த்தான் இது பிறந்தது. அவர்கள் கேட்கும் சாமான் மூன்றே மூன்று: மூன்றரை அங்குலச் சதுரத் தாள், கறுப்புப் பேனா, பென்சில். அழிரப்பர் கிடையாது. அந்தச் சதுரத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘டைல்’. ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில் தவழ்ந்தவர்கள் நாம், நமக்கு இது புதுசா என்ன!

முதலில் அட்டை. ஸ்டேஷனரி கடையில் வழவழப்பு இல்லாத வெள்ளை அட்டை ஒரு முழுத் தாள் கேள். தாளின் கனத்தை ஜிஎஸ்எம் என்று சொல்வார்கள், 180, 200 ஜிஎஸ்எம் இருந்தால் போதும். ஜெராக்ஸ் தாள் எழுபது எழுபத்தைந்துதான் இருக்கும், மை பின்பக்கம் தெரியும், பென்சிலால் நிழல் தேய்த்தால் மேல்தோல் உரிந்து வரும். பளபளவென்று இருக்கும் அட்டையிலோ பென்சில் ஒட்டாது, மையும் சீக்கிரம் காயாது. நான் வாங்கிய தாள் 22க்கு 28 அங்குலம். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் எட்டு என்று வெட்டினால் நாற்பத்தெட்டுச் சதுரம். ஓரத்தில் ஓர் அங்குலத் துண்டு மிஞ்சும், அதைத் தூர எறியாதே. பேனாவைக் கிறுக்கிப் பார்க்க அதுதான். பனையோலைக் கொட்டான் ஒன்றில் சதுரங்களைப் போட்டுக் கட்டில் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

அடுத்தது பேனா. காசைச் செலவழிக்கிற ஒரே இடம் இதுதான். பிக்மா மைக்ரான் 01 என்று கேள், கோடு 0.25 மில்லிமீட்டர். மை காய்ந்துவிட்டால் தண்ணீர் பட்டாலும் கரையாது. பால்பாயிண்ட் பேனாவை அழுத்தினால்தான் கோடு விழும், நடுவில் மை திட்டுத்திட்டாக உட்காரும். ஜெல் பேனாவில் நான் பட்டது போதும். ஐப்பசி மழை நேரம், ஒரு மணி நேரம் உட்கார்ந்து நிரப்பிவிட்டு உள்ளங்கையை நகர்த்தினேன், பாதிக் கட்டம் கையோடு வந்துவிட்டது. மைக்ரானில் ஒரு எச்சரிக்கை உண்டு: அழுத்தாதே. முனை உள்ளே போய்விட்டால் அவ்வளவுதான். முடித்ததும் மூடியைப் போட்டுவிடு.

பென்சில் வீட்டில் பிள்ளைகள் வைத்திருப்பதே போதும், 2பி என்றால் நிழலுக்கு இன்னும் நல்லது. தேய்த்துவிட விரல் வேண்டாம், எண்ணெய்ப் பசை படும். காகிதத்தை இறுக்கிச் சுருட்டிக்கொள், காது குடையும் பட்ஸ் கூட ஆகும்.

சரி, ஓவியம் வராது என்கிறாய். மூலைக்கு ஒன்றாகப் பென்சிலில் நாலு புள்ளி வை. ஸ்கேல் இல்லாமல் அவற்றைச் சேர்த்துக் கட்டமாக்கு. உள்ளே நூல் விழுந்த மாதிரி ஒரு வளைகோடு போடு. அது பிரித்த ஒவ்வொரு பகுதியையும் பேனாவால் ஒரு வடிவம் வைத்து நிரப்பு. கடைசியில் பென்சிலால் நிழல். இவ்வளவுதான். நடுவீட்டுக் கோலம் போட்ட கைக்கு இது தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்துத்தான் நானும் உட்கார்ந்தேன். அங்கேதான் இடித்தது. கோலத்தில் புள்ளியை எண்ணி வைப்போம், இந்தப் பக்கம் வந்தது அந்தப் பக்கமும் வர வேண்டும், இழை வந்து மூட வேண்டும். என் முதல் பத்து அட்டையும் அளந்து செய்த மாதிரி இருந்தன, தோள்பட்டை வலித்தது, மனசு அடங்கவில்லை. பதினோராவதில் கை நடுங்கிக் கோடு கோணிப் போனது. அழிக்க ரப்பர் இல்லை. அந்தக் கோணலையே அடுத்த வளைவுக்குத் தொடக்கமாக வைத்து ஓட்டினேன், அன்றைக்குத்தான் மணி பார்க்க மறந்தேன்.

மாதக் கணக்கில் தூக்கம் இல்லையென்றால் டாக்டரையும் பார். அட்டையும் பேனாவும் அதற்கு மாற்று இல்லை.

எனக்கு 68 வயது. கண்ணாடி போட்டும் மெல்லிய கோடு தெரியவில்லை. இது எனக்கு ஒத்து வருமா?
– வாசகர், காரைக்குடி

வரும் அண்ணே. 01 பேனாவை விட்டுவிட்டு 05 வாங்குங்கள், கோடு 0.45 மில்லிமீட்டர். சதுரத்தையும் ஐந்து அங்குலமாக வெட்டிக்கொள்ளுங்கள், விதி ஒன்றும் கெட்டுப் போகாது. சாயங்காலம் நாலு மணிக்கு வளவு ஓரத்தில் உட்காருங்கள், வெளிச்சம் இடது பக்கமிருந்து விழட்டும். வலக்கை நிழல் கோட்டின் மேல் விழாது. டியூப்லைட்டுக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம்.

என் மகள் இடதுகைக்காரி. எழுதும்போதே மை தேய்ந்துபோகிறது. இதை எப்படி வரைவாள்?
– வாசகி, கானாடுகாத்தான்

வலது ஓரத்திலிருந்து தொடங்கி இடப்பக்கமாக வரச் சொல்லுங்கள். கை எப்போதும் வெறும் தாளின் மேல்தான் இருக்கும். அப்புறம், கையை நகர்த்துவதை விட அட்டையைத் திருப்புவது சுலபம். கையளவுச் சதுரம்தானே, எந்தப் பக்கம் தலை என்று அதற்கே தெரியாது. ஜெல் பேனாவை மட்டும் பிடுங்கி வைத்துவிடுங்கள்.