கோயிலைக் கேள்வி கேட்பது

மதிப்புக்குரிய ஐயா,

கோயில் கணக்குகளையும் நிர்வாக வழக்குகளையும் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்து மனம் நொந்தேன். யாழ்ப்பாணத்துத் தையிட்டியில் எங்கள் சனத்தின் உறுதிப்பத்திரம் உள்ள சொந்தக் காணியில் பௌத்த விகாரை எழும்பி நிற்கிறது. ஊர்களில் மதமாற்றமும் நடக்கிறது. இந்த நேரத்தில் சைவத்தின் குறைகளை நாமே வெளியில் சொன்னால் அது யாருக்கு உதவும்? நம்பிக்கை இல்லாதவர்கள் ஒதுங்கி நிற்கலாமே. நீங்கள் கடவுளை நம்புகிறீர்களா, இல்லையா?

வாசகர், சாவகச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வேதனையில் எனக்கும் பங்குண்டு. பௌர்ணமிப் போயா நாட்களில் தையிட்டி வீதியில் அமர்ந்திருக்கும் காணிக்காரரின் கோரிக்கை முழுக்க நியாயமானது. ஆனால் அங்கே நியாயம் கேட்கிற நாங்கள், எங்கள் கோயில் வாசலில் அதே கேள்வி எழும்போது மட்டும் நேரம் சரியில்லை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆறுமுக நாவலரை எடுத்துக்கொள்ளுங்கள். வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைநின்ற அவர், 1847ஆம் ஆண்டின் கடைசி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1854இல் மிஷனரிமாரின் கண்டனங்களுக்குச் ‘சைவதூஷண பரிகாரம்’ எழுதி மறுப்புரைத்தார். மிஷன் அச்சுக்கூடங்களும் பள்ளிக்கூடங்களும் வலுவாக நின்ற அதே காலத்திலேதான், 1872இல், ‘யாழ்ப்பாணச் சமயநிலை’ எழுதி எங்கள் கோயில்களின் சீர்கேட்டைக் கடிந்தார். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் ஆகம விதிப்படி அமையவில்லை என்றும் வாதாடினார். மாற்றாரின் காதில் விழுமே என்று அவர் வாய்மூடி இருக்கவில்லை. சாதி விடயத்தில் அவர் தம் காலத்தைக் கடக்கவில்லை என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

அந்த விடயத்துக்கே வருகிறேன். சாதியைக் காட்டி ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. அதற்குப் பின்னர், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் சென்று வழிபட விரும்பிய ஒடுக்கப்பட்ட சாதியினரைக் கணிதப் பேராசிரியரும் முன்னாள் அமைச்சருமான சி. சுந்தரலிங்கம் முதலானோர் வாசலில் நின்று தடுத்தார்கள். வெளியே நின்றவர்கள் கேட்டது முருகனைக் கும்பிடும் உரிமையை. அவர்களுக்குத் தோள்கொடுத்தவர்களில் கடவுள் நம்பிக்கையற்ற இடதுசாரிகள் பலர் இருந்தார்கள். நம்பாதவர்கள் ஒதுங்கி நிற்கலாமே என்று எழுதுகிறீர்கள். அவர்கள் அன்று ஒதுங்கியிருந்தால் அந்தப் பக்தர்கள் இன்னும் எத்தனை காலம் வெளிவீதியில் நின்றிருப்பார்கள்?

சிறுவயதில் எங்கள் ஊர்க் கோயிலில் கண்ட ஒன்று இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை. தேர்முட்டிக்கு அருகில் துண்டை இடுப்பில் கட்டியபடி நின்ற, கள் இறக்கும் சீவல் தொழிலாளி ஒருவரின் உள்ளங்கையில், கை படாமல் இருப்பதற்காக, குருக்கள் ஒரு முழ உயரத்திலிருந்து திருநீற்றைப் போட்டார். காற்றில் பாதி சிந்தியது. அவர் குனிந்து, மணலோடு கலந்திருந்த வெள்ளைத் துகளை விரலால் தொட்டெடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார். பிற்காலத்தில் அவருடைய மகள் ஒரு கிறிஸ்தவ சபையில் சேர்ந்தபோது ஊரே கொதித்தது. திருநீறு சிந்திய அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை; என் வீட்டாரும் அங்கேதான் நின்றார்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. யாழ்ப்பாணத்துச் சைவ ஞானியான கொழும்புத்துறை யோகர் சுவாமியின் மகாவாக்கியங்களில் ஒன்று ‘நாமறியோம்’. அவரே அப்படிச் சொல்லியிருக்க, நான் எந்தத் துணிவில் ஆம் என்றோ இல்லை என்றோ எழுதிக் கையெழுத்திடுவேன்? வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறேன். தீபாராதனையின்போது சில நாட்களில் உள்ளம் கரைகிறது. பல நாட்களில் விளக்கை மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். அந்தப் பல நாட்களையும் சேர்த்தே என் வழிபாடு என்று கருதுகிறேன்.

திருவிழா உபயப் பணத்துக்கு ரசீதும் ஆண்டுக் கணக்கும் கேட்டு எங்கள் கோயில் பரிபாலன சபைக்கு நாங்கள் அனுப்பிய கடிதத்தில் பதினொருவர் கையெழுத்திட்டோம். பதினொருவரும் திருவிழாச் செலவை ஏற்கும் உபயகாரர்களே. பதில் இன்னும் வரவில்லை.