சிமென்ட் பூசிய பழைய வீடும் ஐப்பசி மழையும்

கேள்வி: புதுச்சேரியில் எங்கள் தாத்தா காலத்து வீடு. சுண்ணாம்புக் காரைச் சுவர், மரக்கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. ஆறு வருடத்துக்கு முன் சுவர் முழுக்க சிமென்ட் பூசினோம். ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு இடுப்பளவு வரை உப்பு பூத்துப் பூச்சு உதிர்கிறது, மாடியும் ஒழுகுகிறது. வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்து, மாடியில் காங்கிரீட் போடச் சொல்கிறார் கான்ட்ராக்டர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். இரண்டுமே வேண்டாம்.

பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் தேவையில்லை. சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது ஆவியாகிப் போய்விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. வெளியேற இடமில்லாத ஈரம் சுவரில் இன்னும் மேலே ஏறுகிறது. கூடவே வரும் உப்பு, வெயிலில் காயும்போது பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லையே பொடியாக உதிர்க்கிறது. அடை மழை, உடனே கடும் வெயில், மறுபடி மழை என்று மாறி மாறி வந்தால் உப்பு கரைவதும் படிவதும் அத்தனை தடவை நடக்கும். இதற்கு மேல் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிப்பது மூக்கையும் சேர்த்துப் பொத்துவது போல. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒரு வீட்டுக்கு இதே சிமென்ட் பூச்சைப் பரிந்துரைத்தேன். மூன்றாவது மழைக்காலத்தில் போய்ப் பார்த்தபோது தலைகுனிய வேண்டியதாயிற்று.

ஆனால் சுவரை அப்புறம் பார்க்கலாம், முதலில் மாடிக்கு ஏறுங்கள். ஃபெஞ்சல் புயலில், 2024 நவம்பர் 30 அன்று தொடங்கி ஒரே நாளில் புதுச்சேரியில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. 1000 சதுர அடி மாடியில் அது ஏறக்குறைய 42,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி மூன்றரை. தாத்தா காலத்தில் வைத்த இரண்டு சின்னக் குழாய்கள் இதற்குப் போதாது. கூடுதலாக இரண்டு பெரிய குழாய் வையுங்கள், தண்ணீர் ஓடும் வாட்டம் சரிபாருங்கள், குழாய் வாயில் சருகு அடைக்காமல் வலை போடுங்கள். செலவு குறைவு, பலன் அதிகம்.

அடுத்தது பளு. மெட்ராஸ் டெரஸில் மரக்கட்டைகள்தான் எல்லாவற்றையும் தாங்குகின்றன. ஒவ்வொரு தடவை ஒழுகும்போதும் மேலே ஒரு அடுக்கு போட்டே பல வீடுகளில் கூரை கனத்துவிட்டது. காங்கிரீட் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கட்டைகளின் முனை சுவருக்குள் புகும் இடம்தான் முதலில் உளுக்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் அங்கே குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அந்த அறையைக் காலி செய்துவிட்டு, மரபுக் கட்டட அனுபவமுள்ள ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். தண்ணீர்த் தொட்டி மாடியில் இருந்தால் கீழே இறக்குங்கள். நான் பயமுறுத்தவில்லை. கடற்கரைச் சாலையில் 19ஆம் நூற்றாண்டின் மேரி கட்டடம் (பிரெஞ்சுக் கால நகராட்சிக் கட்டடம்), கவனிப்பாரின்றிக் கிடந்து, 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது உங்கள் ஊரில்தான். அரசாங்கம் உலக வங்கிப் பணத்தில் அதே வடிவத்தில் திரும்பக் கட்டி 2021இல் திறந்தது. நமக்கு அந்த வசதி கிடையாது.

சரி, இப்போது சுவர். சிமென்டை உளியால் கையாலேயே கொத்தி எடுக்கச் சொல்லுங்கள். பிரேக்கர் மெஷின் வைத்தால் செங்கல் முகமும் பெயர்ந்து வரும். பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, பெருக்கி வெளியே கொட்டுங்கள். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். பிறகு ஒரு கோடை முழுக்கச் சுவரைத் திறந்தே விடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், உறவினர்கள் கேட்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் நன்றாக ஊறிய சுண்ணாம்பு, மணல், கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்த பூச்சு. இது காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்து மெதுவாகத்தான் இறுகும். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் தொடாதீர்கள்; தை முதல் பங்குனி வரை நல்ல காலம். வெயில் ஏறினால் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரோடு போடப் போட உயர்ந்துகொண்டே வரும் ஊரில், உங்கள் சுவரின் அடிப்பகுதி இனியும் நனையும். அந்த மூன்றடிப் பூச்சு சில வருடத்துக்கு ஒருமுறை உதிரத்தான் செய்யும், திரும்பப் பூச வேண்டும். செங்கல்லுக்குப் பதிலாகப் பூச்சு சாகட்டும் என்றுதான் அதை அங்கே வைக்கிறோம்.

இந்த வேலை தெரிந்த கொத்தனார் குறைவு. மரபுக் கட்டடங்களைப் பாதுகாக்கும் அமைப்பான இன்டாக்கின் புதுச்சேரி அலுவலகத்தில் விசாரியுங்கள். வருகிற கொத்தனார் 'கொஞ்சம் சிமென்ட் சேர்த்தால் கெட்டியாக நிற்கும் சார்' என்றால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.