தேக்கு ஊஞ்சலுக்கு எந்த உப்புத்தாள்?

கேள்வி: பாட்டி வீட்டுத் தேக்கு ஊஞ்சல் பலகையில் வார்னிஷ் கறுத்துத் திட்டுத் திட்டாக இருக்கிறது. நானே தேய்த்து பாலிஷ் போடலாமா? எந்த உப்புத்தாள் வாங்குவது?
– வாசகி, காரைக்குடி

பதில்: தாராளமாகப் போடலாம் அம்மா. 80, 120, 180, 220 என்று நான்கு நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள்; நம்பர் ஏற ஏற தாள் நைசாகும். பழைய வார்னிஷை எடுக்க மட்டும்தான் 80. வெறும் மரம் தெரிந்ததும் 120க்கு மாறிவிடுங்கள். எப்போதும் மர ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே விழுந்த கீறல் இப்போது கண்ணில் படாது, பாலிஷ் ஏறியதும் பளிச்சென்று தெரியும். நல்ல தேக்கை அப்படிப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. தாளை ஒரு சிறிய கட்டையில் சுற்றிப் பிடியுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழும். ஓரங்களிலும் சங்கிலி மாட்டும் துளைகளைச் சுற்றியும் கை இலேசாக இருக்கட்டும். ஒவ்வொரு நம்பர் முடிந்ததும் தூசியைச் சுத்தமாகத் துடையுங்கள். 220க்கு மேல் வேண்டாம், ரொம்ப வழவழப்பானால் சாயம் சரியாக ஏறாது.

அப்புறம், வார்னிஷுக்கு அடியில் பழைய பெயின்ட் தெரிந்தால் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். தண்ணீர்த் தாளை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்துத் தேயுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். தேக்குத் தூசியும் சிலருக்கு அரிப்பு, தும்மல் தரும், மாஸ்க் கட்டாயம்.